கலவை பஸ்ல ஏறி 40 வயசுல ரிட்டயர் ஆக முடியுமா? வாங்க, கணக்கு போட்டுப் பார்ப்போம்!

காலை ஐந்தரை மணி. கலவையில் கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கிறீர்கள். ஏறி உட்கார்ந்ததும் போனைத் திறக்கிறீர்கள். முதல் ரீலே இதுதான்: "நான் 35 வயசுல ரிட்டயர் ஆகிட்டேன். நீங்களும் ஆகலாம்!"

பேசுபவர் ஐ.டி-யில் இருந்தவர். மாதம் ஒரு லட்சம் சேமித்தாராம். உங்கள் தையல் லைனில் எட்டு பேரோட சம்பளத்தைச் சேர்த்தால்தான் ஒரு லட்சமே வரும். சிரித்துவிட்டு அடுத்த ரீலுக்குப் போய்விடுவீர்கள்.

போறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் பஸ்ஸுக்குள் திரும்பிப் பாருங்க. 20 வயசுல எத்தனை பேர், 30-ல் எத்தனை பேர், 45-க்கு மேல் எத்தனை பேர்? எண்ணிப் பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று நீளும் நம்ம தோல் பெல்ட்டில் 'சீக்கிரம் ரிட்டயர் ஆவது' புது விஷயமே இல்லை. இடுப்பு வலி, கண் மங்கல், டார்கெட் முடிக்க முடியலைன்னு சூப்பர்வைசர் கத்துறது, வீட்ல மாமியாருக்கு முடியலை... ஏதோ ஒரு காரணத்தில் 40-ஐ ஒட்டி நிறைய பேர் நின்றுவிடுகிறார்கள். யாரும் அதற்கு கேக் வெட்டுவதில்லை, அவ்வளவுதான்.

ஆக, நமக்கான கேள்வி 'சீக்கிரம் ரிட்டயர் ஆக முடியுமா' என்பது இல்லை. எப்படியும் ஆகப்போறோம். அன்னைக்குக் கையில் என்ன இருக்கும்? இதுதான் கேள்வி.

அந்த 25 மடங்கு கதை எங்கிருந்து வந்தது?

ரீல்ஸில் 'ஃபயர்' என்று சொல்கிறார்களே, அந்த யோசனை அமெரிக்காவில் பிறந்தது. 1992-ல் விக்கி ராபின், ஜோ டொமிங்கஸ் இருவரும் எழுதிய 'யுவர் மணி ஆர் யுவர் லைஃப்' புத்தகம் இதற்கு விதை போட்டது. 1994-ல் வில்லியம் பெங்கன் என்ற நிதி ஆலோசகர் ஒரு கணக்கு சொன்னார். சேமித்த பணத்தில் முதல் வருடம் 4 சதவிகிதம் எடுக்கலாம், அடுத்தடுத்த வருடங்களில் விலைவாசிக்குத் தக்கபடி கூட்டி எடுக்கலாம், 30 வருஷம் தாங்கும் என்றார். அதைத் திருப்பிப் போட்டால் 'வருடச் செலவைப் போல 25 மடங்கு சேர்த்துவிட்டால் வேலையை விடலாம்' என்று வரும்.

நம்ம வீட்டுக்குப் போட்டுப் பார்ப்போம். மாதச் செலவு 12,000 ரூபாய் என்றால் வருடத்துக்கு 1,44,000. இருபத்தைந்து மடங்கு என்றால் 36 லட்சம்!

அதுவும் அமெரிக்கச் சந்தையின் பழைய வரலாற்றை வைத்து, 30 வருடத்துக்குப் போட்ட கணக்கு. 40 வயதில் நின்றால் 40, 45 வருடம் தாங்க வேண்டும். நம்ம ஊர் விலைவாசிக்கு 25 பத்தாது, 30 மடங்காவது வேணும் என்பவர்களும் இருக்கிறார்கள்.

ஷூ கம்பெனி சம்பளத்தில் 36 லட்சமா? இந்த இடத்தில்தான் குறுக்குவழி விற்பவர்கள் கதவைத் தட்டுகிறார்கள்.

குறுக்குவழி நம்ம ஊருக்கு வந்தபோது...

'ஆருத்ரா', 'ஐ.எஃப்.எஸ்' இந்த இரண்டு பெயரும் உங்க தெருவில் யாரோ ஒருத்தருக்காவது வயிற்றெரிச்சலைக் கிளப்பும். ஆரணி, செய்யாறு பக்கமெல்லாம் கிளை பரப்பிய ஆருத்ரா கோல்டு நிறுவனம், மாதம் 25 முதல் 30 சதவிகிதம் வரை தருவதாகச் சொல்லி டெபாசிட் வாங்கியது. சுமார் ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் வசூலானது என்பது பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீஸின் கணக்கு. வேலூரை மையமாக வைத்து இயங்கிய ஐ.எஃப்.எஸ் மீதும் பல ஆயிரம் கோடி மோசடி வழக்கு. இரண்டும் 2022-ல் வெடித்தன.

பணம் கட்டியவர்களை 'பேராசைக்காரங்க' என்று திட்டுவது சுலபம். ஆனால், அவர்கள் வாங்க நினைத்தது என்ன? ஒரு லட்சம் போட்டால் மாதாமாதம் சம்பளம் மாதிரி வீடு தேடி வரும் பணம். அதாவது, நாளைக்கே ரிட்டயர்மென்ட். நகையை அடகு வைத்துப் போட்டவர்களும், பி.எஃப் பணத்தை எடுத்துப் போட்டவர்களும் தேடியது அதைத்தான். இப்போது அந்த அசலும் இல்லை, அடகு வைத்த நகையும் இல்லை.

இனிமேல் யாராவது "வட்டி மட்டும் வாங்கிட்டு உக்காரலாம்" என்று சொன்னால் ஒன்று செய்யுங்க. பி.எஃப்-க்கு 2024-25-ல் அரசு கொடுத்த வட்டியை நினைத்துப் பாருங்க. வருடத்துக்கு 8.25 சதவிகிதம். அதை விட மூன்று மடங்கை ஒரே மாதத்தில் ஒருத்தர் தருகிறார் என்றால், அது உங்களுக்குப் பின்னால் வந்து கட்டுபவரின் பணம்.

ஏற்கெனவே உங்க பேர்ல இருக்கும் ஃபண்ட்

36 லட்சத்தைப் பார்த்து மலைக்க வேண்டாம். பல பேர் கவனிக்காத ஒரு ஃபண்ட் உங்க பேரில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. அதுதான் பி.எஃப்.

உங்க பி.எஃப் சம்பளம், அதாவது பேசிக்கும் டி.ஏ-வும் சேர்த்து, 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்களிடம் பிடிப்பது 12 சதவிகிதம், 1,440 ரூபாய். கம்பெனியும் அதே 1,440 போடும். ஆனால், கம்பெனி பங்கில் 8.33 சதவிகிதம், சுமார் 1,000 ரூபாய், பென்ஷன் கணக்குக்குப் போய்விடும். மீதி 440 உங்க பி.எஃப்-ல் சேரும். ஆக, மாதம் 1,880 ரூபாய் சேர்கிறது.

சம்பளம் ஒரு பைசா ஏறவில்லை, வட்டி இதே 8.25 சதவிகிதமாக நீடிக்கிறது என்று வைத்துப் பார்த்தால்:

5 வருடத்தில் சுமார் 1.38 லட்சம்.
10 வருடத்தில் சுமார் 3.43 லட்சம்.
15 வருடத்தில் சுமார் 6.5 லட்சம்.
20 வருடத்தில் சுமார் 11 லட்சம்.

முதல் 10 வருடத்தில் மூன்றரை லட்சம்கூட இல்லை. அடுத்த 10 வருடத்தில் ஏழரை லட்சம் சேர்கிறது. வட்டி, வட்டிக்கும் வட்டி போடும் வேலை இது. நம்மிடம் கடன் கொடுத்தவர்கள் இத்தனை நாளா இதே கணக்கை வைத்துத்தான் பிழைத்தார்கள். பி.எஃப்-ல் மட்டும்தான் அது நம்ம பக்கம் நிற்கிறது.

இதே 20 வருடத்தில், ஐந்து வருடத்துக்கு ஒரு முறை கம்பெனி மாறி, மாறும்போதெல்லாம் பி.எஃப்-ஐ உடைத்தால்? நான்கு முறையும் சேர்த்து மொத்தமே ஐந்தரை லட்சம். பாதி காணோம். அதுவும் மொத்தமாகக் கையில் நிற்காது. ஒரு தடவை காது குத்து, ஒரு தடவை பைக், ஒரு தடவை போன் என்று போயிருக்கும்.

உடைக்கிறது ஏன்?

நாடு முழுக்கவே இதுதான் நிலைமை. பி.எஃப் கணக்கை மொத்தமாக முடிக்கும்போது பாதிப் பேர் கணக்கில் 20,000 ரூபாய்க்கும் குறைவாகத்தான் இருக்கிறது, முக்கால்வாசிப் பேரிடம் 50,000-க்கும் குறைவு என்று மத்திய தொழிலாளர் அமைச்சகமே சொன்னது.

இதைக் காட்டித்தான் 2025 அக்டோபர் 13-ல் பி.எஃப் அறங்காவலர் குழு சில முடிவுகளை எடுத்தது. அவசரத் தேவைக்கு எடுப்பதைச் சுலபமாக்கினார்கள். 13 விதமான விதிகளை மூன்று பிரிவாகச் சுருக்கினார்கள். ஆனால், 25 சதவிகிதம் எப்போதும் கணக்கில் இருக்க வேண்டும் என்றார்கள். வேலை போனால் 2 மாதத்தில் மொத்தத்தையும் எடுக்கலாம் என்றிருந்ததை 12 மாதம் ஆக்கினார்கள். பென்ஷன் பணத்தை எடுக்க 2 மாதமாக இருந்த காத்திருப்பு 36 மாதம் ஆனது.

உங்க வாட்ஸ்அப் குரூப்பில் அன்றைக்கு ஓடிய கோபம் ஞாபகம் இருக்கலாம். "எங்க காசை எடுக்க நீ யாரு ரூல் போட?"

அந்தக் கோபம் நியாயமில்லாதது இல்லை. 2016 பிப்ரவரியில் மத்திய அரசு, கம்பெனி பங்கை 58 வயது வரை எடுக்க முடியாது என்று உத்தரவு போட்டது. ஏப்ரல் 18, 19 தேதிகளில் பெங்களூரு கார்மென்ட்ஸ் பெண்கள் ஆயிரக்கணக்கில் ரோட்டுக்கு வந்தார்கள். 19-ம் தேதியே அரசு உத்தரவை வாபஸ் வாங்கியது. அந்தப் பெண்கள் கேட்டது ஆடம்பரத்துக்கான பணம் இல்லை. வேலை போனால் வீட்டு வாடகை யார் கட்டுவது? நம்ம நாட்டில் தொழிலாளிக்கு வேலை இல்லாத காலத்து ஊதியம் என்று பெரிதாக எதுவும் கிடையாது. அதனால் பி.எஃப்-தான் அவசர நிதி, கல்யாண நிதி, ஆஸ்பத்திரி நிதி எல்லாமே. வயதான காலத்துக்கான பணம் கடைசி வரிசையில் நிற்கிறது.

2025 ஆகஸ்ட் 27-ல் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50 சதவிகித வரி போட்டபோது, ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் ஆர்டர் பேச்சுதான் எல்லா டீக்கடையிலும். ஆர்டர் குறைந்தால் ஓ.டி போகும். அப்புறம் ஆள் குறைப்பு. அந்த நேரத்தில் "பி.எஃப்-ல கை வைக்காதே" என்று அறிவுரை சொல்வது வயிறு நிறைந்தவன் பேச்சு.

அதனால் இரண்டையும் பிரித்துப் பார்ப்போம். மூணு வட்டிக்கோ அஞ்சு வட்டிக்கோ வாங்கி மாட்டியிருக்கீங்களா? மூணு வட்டி என்றால் வருடத்துக்கு 36 சதவிகிதம். பி.எஃப் கொடுப்பது 8.25. எடுத்து அடைப்பதில் தப்பே இல்லை. ஆஸ்பத்திரிச் செலவா, எடுங்க. ஆனால், கம்பெனி மாறுகிறோம் என்ற ஒரே காரணத்துக்காக, பழைய கணக்கில் 'சும்மா கிடக்குதே' என்று எடுப்பதுதான் நம்மைக் கவிழ்ப்பது.

இனி அந்தச் சபலம் இன்னும் கூடும். பனப்பாக்கம் சிப்காட்டில் 1,500 கோடி ரூபாய் முதலீட்டில், 25,000 பேருக்கு வேலை என்ற அறிவிப்போடு ஹாங்ஃபூ ஷூ தொழிற்சாலைக்கு 2024 டிசம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். செய்யாறு சிப்காட்டிலும் ஷூ கம்பெனிகள். கூட 1,000, 2,000 சம்பளம் கிடைத்தால் மாறத்தான் செய்வீர்கள். மாறுங்க, கணக்கையும் கூடவே கூட்டிட்டுப் போங்க.

35-ல் விட்டாலும் கதை முடியலை

இதுதான் பல பேருக்குத் தெரியாத பகுதி. 22 வயதில் சேர்ந்து, 13 வருடம் உழைத்து, 35-ல் வேலையை விட்டுவிடுகிறீர்கள். அதுவரை உடைக்காமல் இருந்தால் மேலே சொன்ன கணக்குப்படி சுமார் 5.1 லட்சம் இருக்கும். அதை அப்படியே விட்டுவிட்டால்? வேலையில் இல்லாவிட்டாலும் 58 வயது வரை வட்டி ஏறும். இதே வட்டி நீடித்தால், 58-ல் சுமார் 31 லட்சம்!

ஒரு நிமிஷம், 31 லட்சத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. விலைவாசி வருடத்துக்கு 5 சதவிகிதம் ஏறினால், நீங்கள் வேலையை விட்ட அன்றைய மதிப்பில் அது சுமார் 10 லட்சம்தான். இருந்தாலும், அதன் பிறகு ஒரு ரூபாய்கூடக் கட்டாமல் உண்மை மதிப்பே இரட்டிப்பாகியிருக்கிறது.

கூடவே பென்ஷன். மொத்தம் 10 வருட சர்வீஸ் இருந்தால் பென்ஷன் உண்டு. ஒரே கம்பெனியில் 10 வருடம் வேண்டியதில்லை, பென்ஷன் பணத்தை நடுவில் எடுக்காமல் இருந்தால் எல்லாக் கம்பெனியும் சேர்ந்து 10 வருடம் போதும். சம்பளத்தை சர்வீஸ் வருடத்தால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 12,000 சம்பளம், 13 வருடம் என்றால் 58 வயதில் மாதம் சுமார் 2,200 ரூபாய். 50 வயதிலேயே வாங்கலாம், ஆனால் 58-க்குக் குறையும் ஒவ்வொரு வருடத்துக்கும் 4 சதவிகிதம் வீதம் குறைப்பார்கள்.

8 வருடத்தில், 9 வருடத்தில் கணக்கை முடித்துக்கொண்டு போனவர்கள் இழந்தது இதைத்தான். இன்னும் ஒன்றிரண்டு வருடம் இருந்தால் ஆயுள் முழுக்க வந்திருக்கும்.

1,000 ரூபாய் = 3 லட்சம்

இப்போது அந்த 25 மடங்கைத் தலைகீழாகப் பிடிப்போம். உங்க மாதச் செலவில் 1,000 ரூபாய் நிரந்தரமாகக் குறைந்தால், சேர்க்க வேண்டிய தொகையில் 3 லட்சம் குறைகிறது.

'காபி குடிக்காதே, வெளியில் சாப்பிடாதே' என்பது அமெரிக்க அட்வைஸ். ரேஷன் அரிசியும் கூழும் சாப்பிட்டு பஸ் ஏறுபவர்களிடம் எதைக் குறைக்கச் சொல்வது? நம்மிடம் பெருசா ஓடுவது மூன்றுதான்: வாடகை, வட்டி, விசேஷம்.

ராணிப்பேட்டையில் 3,000 ரூபாய் வாடகை கொடுத்தால், அதற்கு மட்டும் 9 லட்சம் சேர்க்க வேண்டும். கலவை பக்கம் அப்பா கட்டிய ஓட்டு வீட்டில் இருந்து போய் வந்தால் அந்த 9 லட்சம் மிச்சம். விலை என்ன என்றால், தினமும் போகும் தூக்கம். பெண்கள் குழுக் கடன் தவணை ஒன்று முடிந்ததும் இன்னொன்று எடுக்காமல் இருந்தால், அதுவும் இதே கணக்கு. மஞ்சள் நீராட்டு விழாவுக்கு இரண்டு லட்சம் கடன் வாங்கினால், இரண்டு லட்சம் மட்டும் போகாது. உங்க உடம்பு தையல் மெஷின் முன்னாடி இன்னும் இரண்டு, மூன்று வருடம் சேர்ந்து போகும்.

அரசு தருவதையும் இந்தக் கண்ணால் பாருங்க. 2023 செப்டம்பர் 15-ல் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை, மாதம் 1,000 ரூபாய். அது 3 லட்சம் ரூபாய் உங்க பேரில் போட்டு வைத்ததற்குச் சமம், வரும் வரைக்கும். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம், ரேஷன் அரிசி இலவசம். வசதியானவர்கள் 'இலவசம்' என்று முகம் சுளிக்கும் இதெல்லாம், குறைந்த சம்பளக்காரருக்கு ரிட்டயர்மென்ட் கணக்கில் பாதி.

ஆஸ்பத்திரியை மறந்துடாதீங்க. வேலையில் இருக்கும் வரை இ.எஸ்.ஐ இருக்கிறது. நின்ற பிறகு அதை நம்பி இருக்க முடியாது. ஆண்டு வருமானம் 1.20 லட்சத்துக்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை சிகிச்சை. வேலையை விடுவதற்கு முன்பே அந்தக் கார்டு கையில் இருக்க வேண்டும். ஒரே ஒரு ஆபரேஷன், பதினைந்து வருடப் பணத்தைப் பதினைந்து நாளில் முடித்துவிடும்.

இந்த ஞாயித்துக்கிழமை என்ன செய்யலாம்?

* யு.ஏ.என் நம்பரைப் போட்டு பாஸ்புக்கைத் திறங்க. பழைய கம்பெனிக் கணக்குகள் எல்லாம் ஒரே நம்பரின் கீழ் வந்திருக்கா, பழைய பணம் புதுக் கணக்குக்கு மாறியிருக்கா என்று பாருங்க.
* ஆதாரில் இருக்கும் பெயரும் பி.எஃப் பெயரும் ஒன்றா? அப்பா இனிஷியல், வீட்டுக்காரர் இனிஷியல் குழப்பத்தால் சிக்கி நிற்கும் பணம் ஏராளம். இப்பவே திருத்துங்க.
* நாமினி போட்டாச்சா? கல்யாணத்துக்கு முன்னாடி போட்டதை மாத்தணும்.
* 10 வருடம் ஆவதற்கு முன் நிற்கிறீர்களா? பென்ஷன் பணத்தை எடுப்பதற்குப் பதில் 'ஸ்கீம் சர்ட்டிஃபிகேட்' கேளுங்க. பின்னாடி வேறு எங்கே சேர்ந்தாலும் அந்த சர்வீஸ் சேரும்.
* ஒரே கம்பெனியில் 5 வருடம் முடித்துவிட்டு நின்றால் கிராஜுவிட்டி உங்க உரிமை. வருடத்துக்கு 15 நாள் சம்பளம். 12,000 சம்பளத்தில் 10 வருடத்துக்கு சுமார் 69,000. கேட்காமல் வந்துடாதீங்க.
* வயது 40-க்குள் இருந்தால் அடல் பென்ஷன் திட்டம். 25 வயதில் சேர்ந்தால் மாதம் 376 ரூபாய், 60 வயதில் மாதம் 5,000 பென்ஷன். அன்றைக்கு 5,000-த்தின் மதிப்பு குறைவாக இருக்கும். இருந்தாலும் மூன்றாவது கால் மாதிரி தாங்கும்.

அப்போ, 40-ல் முடியுமா?

12,000 ரூபாய் சம்பளத்தில், தனி ஆளாக, 40 வயதில் மொத்தமாக வேலையை விட்டுவிட்டு வாழ்நாள் முழுக்க உட்கார்ந்து சாப்பிட முடியாது. முடியும் என்று யார் சொன்னாலும், அவர் உங்களிடம் எதையோ விற்க வந்திருக்கிறார்.

ஆனால், வாடகை இல்லாத வீடு, வட்டிக் கடன் இல்லாத குடும்பம், கணவன் மனைவி இருவரின் உடைக்காத பி.எஃப், 10 வருடத்தைத் தாண்டிய பென்ஷன் சர்வீஸ், கையில் ஒரு காப்பீட்டு கார்டு. இவ்வளவும் இருந்தால் 45-க்கு மேல் வேறு ஒன்று முடியும். காலை ஐந்தரை பஸ்ஸை விட்டுவிட்டு, வீட்டிலேயே ஒரு தையல் மெஷினோ, இரண்டு மாடோ வைத்து, அன்றாடச் செலவுக்கு மட்டும் சம்பாதித்தால் போதும். சேர்த்ததில் கை வைக்க வேண்டியதில்லை, அது 58 வரை தானாக வளரட்டும். "நைட் வரைக்கும் ஓ.டி இரு" என்று சொன்னால் "முடியாது சார்" என்று சொல்லும் தைரியம் அப்போது வரும். நம்ம பெல்ட்டில் ரிட்டயர்மென்ட் என்பது அந்த தைரியம்தான்.

நாளைக்குக் காலை பஸ்ஸில் ரீல்ஸைத் திறப்பதற்கு முன் பாஸ்புக்கைத் திறங்க. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, அடுத்த மாதம் நிற்கப் போவதாகச் சொல்லும் அக்காவிடமும் ஒரு வார்த்தை கேளுங்க: "எத்தனை வருஷ சர்வீஸ்க்கா உங்களுக்கு?" அவங்க ஒன்பது என்று சொன்னால், இன்னும் ஒரு வருடம் இருக்கச் சொல்லுங்க.